நேர் பண்ணிய துப்பாக்கி

மெக்கானிக்குக் கை சும்மா இருக்காது. தையல் மெஷின் பழுது பார்க்கிறவன். வீட்டு முன்னறைதான் கடை. தேநீர் குடிக்கப் போன இடத்தில் பெஞ்சு ஆடினால், அதைக் கவிழ்த்துப் போட்டுக் காலை முடுக்கிவிட்டுத்தான் தம்ளரைத் தொடுவான். யாரும் கேட்பதும் இல்லை, அவன் காசு வாங்குவதும் இல்லை. அதனால் தெருவில் அவனுக்கு ஏக நல்ல பெயர். எனக்கு மட்டும் அவனைக் கண்டால் எரிச்சல். ஒருநாள் என் குட்டி லாரியில் ஏறியவன் இறங்குவதற்குள் கதவுக் கைப்பிடியைக் கழற்றி 'சரி' செய்துவிட்டான். அன்று முதல் அந்தக் கதவு உள்ளிருந்து திறப்பதில்லை. ஜன்னல் வழியாகக் கையை வெளியே விட்டுத்தான் திறக்கிறேன், இன்றைக்கும்.

அவன் மனைவிக்குத் தெரு வைத்த பெயர் சோளக்காரி. காட்டோரத்தில் அவள் அப்பா விட்டுப்போன நிலத்தில் மக்காச்சோளம் போடுவாள். அறுப்பு முடிந்ததும் ஏற்றிப் போவது என் லாரிதான். கடந்த சில அறுப்புகளாக லாரி நிரம்பவில்லை. கதிர் பால்பிடித்த உடனே பன்றிகள் இறங்கிவிடும். தின்பது கொஞ்சம், சாய்த்து மிதித்து நாசம் செய்வது மிச்சம். கம்பி கட்டினாள், தகரம் தட்டினாள், நாய் வளர்த்தாள். நாயைப் பன்றி கிழித்துப் போட்டது. கிழிந்த நாயைச் சாக்கில் சுற்றி வரப்போரம் புதைத்துவிட்டு வந்தவள் அழவில்லை, "துப்பாக்கி வாங்கணும்ணே" என்றாள்.

முதலில் மெக்கானிக்தான் தன் பேரில் துப்பாக்கி அனுமதிக்கு எழுதிப் போட்டான். ஒரு சண்டையில் ஸ்பேனரால் ஒருவன் மூக்கை உடைத்த வழக்கு அவன் பேரில் இருந்தது. முடியாது என்று சொல்லிவிட்டார்கள். பிறகு சோளக்காரி எழுதிப் போட்டாள், கிடைத்துவிட்டது. ஆனால் சும்மா கிடைக்கவில்லை. பயிற்சித் திடலுக்குப் போய்ச் சுடப் பழக வேண்டும், பரீட்சையில் தேற வேண்டும். தேறினால்தான் துப்பாக்கியை வயலுக்கு எடுத்துப் போகலாம். தோற்றால் அடுத்த பருவம்வரை பேச்சே இல்லை. அதைவிடக் கறாரான விதி ஒன்று: துப்பாக்கியை அவளைத் தவிர யாரும் தொடக்கூடாது. வேறு கை பட்டது தெரிந்தால் அனுமதியும் போகும், துப்பாக்கியும் போகும்.

புதுத் துப்பாக்கி வந்த அன்று நான் அங்கே இருந்தேன். பெட்டியைத் திறந்தால் இரும்பெல்லாம் மஞ்சள் கிரீஸ். துருப்பிடிக்காமல் இருக்கக் கம்பெனியில் பூசி அனுப்புவதாம். அதை முழுக்கத் துடைத்து எடுக்காமல் ஒரு தோட்டாகூடப் போடக்கூடாது என்று பயிற்சித் திடலின் வாத்தியார் சொல்லியிருந்தார். சோளக்காரி தரையில் பழைய வேட்டியை விரித்து உட்கார்ந்தாள். தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் போல்ட்டை உருவினாள். நீளக் கம்பியில் துணித்துண்டைச் சொருகி, குழலின் பின்பக்கமிருந்து விட்டு முன்பக்கம் எடுத்தாள். துணி மஞ்சளாக வந்தது. எறிந்துவிட்டு இன்னொன்று. முன்பக்கமிருந்து கம்பியை விட்டால் குழலின் வாய் தேய்ந்து குறி கெட்டுவிடுமாம்.

மெக்கானிக் எதிரில் குந்தியிருந்தான். கை துறுதுறுவென்று முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

"இப்படித் தேய்ச்சா பொழுது விடிஞ்சிரும். குடு, மண்ணெண்ணெய்ல முக்கி எடுத்துத் தர்றேன்."

"நீங்க தொடக்கூடாதுங்க."

"யாரு பாக்கப் போறா?"

"நான் பாக்கறேன்ல."

"ஏம்மா, அவன் கை படாத மெஷின் இந்த ஊர்லயே கெடையாது," என்றாள் நாத்தனார். அவனுடைய அக்கா, அந்த வீட்டிலேயே இருக்கிறாள், அடுப்படியும் வாயும் அவளுடையவை. "உன்னை எதுக்குக் கட்டிவெச்சோம், புருஷனை எட்டி நில்லுன்னு சொல்லவா?"

"கட்டிவெச்சப்ப துப்பாக்கி இல்லியே அண்ணி."

நான் சிரித்துவிட்டேன். மெக்கானிக் சிரிக்கவில்லை. எழுந்துபோய் யாருடைய மெஷினுக்கோ எண்ணெய் விடத் தொடங்கினான். அந்த வீடு முழுக்க அந்த எண்ணெய் வாசம்தான். சட்டையில், தலையணையில், சோற்றுத் தட்டில்கூட.

பழகுவது லேசாக இல்லை. முதல் நாள் துப்பாக்கி அவள் தோளை இடித்ததில் கன்றிப்போய், மறுநாள் குடம் தூக்க முடியவில்லை. வெடிக்கப் போகிறது என்று தெரிந்ததும் கண் தானாக மூடிக்கொள்ளும், தோள் தானாகப் பின்வாங்கும். வாத்தியார் கறார்ப் பேர்வழி. "விசையைக் கொத்தாதம்மா. கோழியா நீ? கொஞ்சங்கொஞ்சமா அழுத்து. எப்ப வெடிக்கும்னு உனக்கே தெரியக்கூடாது" என்று கத்துவார். வீட்டுக்கு வந்து, தோட்டா இல்லை என்று போல்ட்டைத் திறந்து இரண்டு தடவை பார்த்துக்கொண்டு, சுவரில் அடித்திருந்த ஆணியைக் குறிவைத்துப் பழகினாள். மூச்சை விட்டு, பாதியில் நிறுத்தி, அழுத்தி. டிக். மறுபடி. டிக்.

"அந்த ஆணி உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு?" என்பாள் நாத்தனார் உள்ளிருந்து.

ஒரு வாரத்தில் கண் மூடுவது நின்றது. தோட்டாக்கள் ஒரே இடத்தில் போய் விழ ஆரம்பித்தன. ஆனால் அந்த இடம் வட்டத்துக்கு இடதுபக்கம் ஒரு சாண் தள்ளி. வாத்தியார் அவளைத் திட்டவில்லை. "இது உன் தப்பில்ல. துப்பாக்கிக்குக் குறி வெச்சுக் குடுக்கணும்" என்றார். கண்ணுக்குப் பக்கத்தில் வெட்டு விழுந்த சின்ன இரும்புத் துண்டு ஒன்று இருக்கும், அதற்குப் பின்குறி என்று பெயர். அதன் வெட்டுக்குள் குழல் நுனியிலிருக்கும் முள்ளை நிறுத்தித்தான் பார்க்க வேண்டும். பித்தளைக் குச்சி ஒன்றை அவள் கையில் கொடுத்து, பின்குறியை வலதுபக்கம் தட்டச் சொன்னார். ஒரு தட்டு, ஒரு வெடி. இன்னொரு தட்டு, இன்னொரு வெடி. கடைசியில் தோட்டா வட்டத்தின் நடுவில் விழுந்தது. பின்குறி மட்டும் நடுக்கோட்டை விட்டு ஒரு மயிரிழை வலதுபக்கம் ஏறி நின்றது.

"கோணலா இருக்கேன்னு பாக்காத. இந்தத் துப்பாக்கிக்கு இதுதான் நேர்" என்றார் வாத்தியார்.

அன்றைக்கு லாரியில் வரும்போது அவள் பேச்சு நிற்கவில்லை. "நானே தட்டினேண்ணே. மூணே தட்டு. சரியா நடுவுல!" என்று கையால் காட்டிக் காட்டிச் சொன்னாள். கல்யாணத்தின்போதுகூட அவள் முகம் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை.

பரீட்சையன்று காலை கிளம்பும்போதே வெயில் சுள்ளென்று அடித்தது. திடலில் பத்துப் பதினைந்து பேர், அவளைத் தவிர எல்லாரும் ஆண்கள். ஐந்து தோட்டாவில் குறைந்தது மூன்று வட்டத்துக்குள் விழ வேண்டும். சுடுவதற்கு முன் குழலை உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும், உள்ளே எண்ணெய் இருந்தால் தோட்டா கண்ட இடத்துக்குப் போகும். முதல் நாள் சாயங்காலமே அவள் துடைத்துப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தாள். இருந்தாலும் வாத்தியார் எதிரில் துணியை விட்டாள். துணி சொட்டச் சொட்ட வந்தது.

நான் திடலின் தடுப்புக் கயிற்றுக்கு இந்தப்பக்கம் நின்றிருந்தேன். எனக்கே அந்த வாசம் வந்தது. தையல் மெஷின் எண்ணெய்.

"யாரும்மா இப்படிக் கொட்டினது?" என்றார் வாத்தியார்.

அவள் துணியையே பார்த்துக்கொண்டு நின்றாள். "நான்தான் சார். ஜாஸ்தியாயிடுச்சு."

"தலைக்கா தடவுற? துடை, துடை."

துடைத்தாள். படுத்தாள், தோளில் துப்பாக்கிக் கட்டையை அழுத்தினாள், சுட்டாள். வாத்தியார் தொலைநோக்கியில் பார்த்து, "இடது. ஒரு சாண்" என்றார். இரண்டாவது. "அதே எடம். என்னம்மா ஆச்சு, போன வாரம் நல்லாத்தானே அடிச்ச?"

போல்ட்டை இழுத்தவள் கை பாதியில் நின்றது. தலையைத் தூக்கிப் பின்குறியைப் பார்த்தாள். அது நடுக்கோட்டில், அச்சுப் பிசகாமல், அழகாக நின்றது. எண்ணெய் மட்டும் ஊற்றவில்லை அந்த மகராசன், அதையும் தட்டி நேர் பண்ணி வைத்திருந்தான்.

அவள் முகத்தில் ரத்தம் ஏறியதைப் பார்த்தேன். வாயைத் திறந்து சொன்னால் போதும், வாத்தியார் புதிதாகக் குறிவைக்க விட்டிருப்பார், ஆனால் அடுத்த கேள்வி 'யார் தொட்டது' என்பதாக இருக்கும். சொல்லாமல் பரீட்சை நடுவே அவளாகக் குறியைத் தட்டவும் கூடாது. மூன்று தோட்டா பாக்கி. மூன்றும் உள்ளே விழ வேண்டும்.

"நேரமாகுதும்மா" என்றார் வாத்தியார்.

   துப்பாக்கியை இறக்கிவைத்தாள், உள்ளங்கைகளை மண்ணில் தேய்த்தாள், மறுபடி எடுத்தாள். இந்தத் தடவை வட்டத்தைப் பார்க்கவே இல்லை. வட்டத்துக்கு வலதுபக்கம் ஒரு சாண் தள்ளிக் காகிதத்தின் வெள்ளை ஓரம் இருந்தது, அதைக் குறிவைத்தாள். வெடித்தது.

"உள்ள" என்றார் வாத்தியார்.

நான்காவதும் உள்ளே. ஐந்தாவதற்கு நெடுநேரம் எடுத்துக்கொண்டாள். நான் கயிற்றைப் பிடித்திருந்த கையில் கயிற்றின் வரி பதிந்துவிட்டது. வெடித்தது. வாத்தியார் தொலைநோக்கியை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார். "கோட்டைத் தொட்டிருக்கு. சரி, உள்ளதான். தேறிட்ட" என்றார். பிறகு, "மொத ரெண்டும் என்னம்மா அப்படி?" என்று கேட்டார்.

"பயந்துட்டேன் சார்."

"அதானே பாத்தேன். பொம்பளைக்குப் பயம் தெளிய ரெண்டு தோட்டா ஆகுது" என்றார் அவர், வரிசையில் நின்றவர்கள் பக்கம் திரும்பி. எல்லாரும் சிரித்தார்கள். ஒருவன் தொடையில் தட்டிச் சிரித்தான். அவள் போல்ட்டைத் திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்று காட்டி, தலைகுனிந்து வந்தாள். தேறியவள் மாதிரியே இல்லை.

லாரியில் ஏறியதும் வெடித்தாள்.

"பயந்துட்டேன்னு சொன்னேண்ணே! என் வாயால! ஒரு வாரமா தோள் பிஞ்சுபோற மாதிரி பழகி, கண்ணு சிமிட்டாம அடிக்கிறவ நான். பயந்துட்டேன்னு சொல்ல வெச்சுட்டான் பாவி!"

"பெட்டி பூட்டித்தானேம்மா இருந்துச்சு?"

"சாவி என் இடுப்புல. அவருக்குச் சாவி எதுக்கு? ஊசியை வளைச்சு எந்தப் பூட்டையும் தொறப்பாரு. ஏண்ணே, அவர் வேணும்னே செஞ்சிருப்பாரா?"

யோசித்தேன். "இல்ல" என்றேன். "கோணலா இருந்துச்சு, நேராக்கிட்டான். அவ்வளவுதான் அவன் புத்தி."

"வேணும்னு செஞ்சிருந்தா தேவலை. சண்டையாவது போடலாம்" என்றாள்.

வீட்டில் முன்னறை திறந்திருந்தது. பக்கத்துத் தெருத் தையல்கார அம்மா தன் மெஷினுக்காக ஸ்டூலில் காத்திருந்தாள். மெக்கானிக் அதைப் பிரித்துப் போட்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்தான்.

"என்ன, பாஸா?"

"பாஸ்தான்" என்றேன் நான்.

"பின்ன!" என்று அவன் தையல்கார அம்மாவிடம் திரும்பினான். "நான் சொல்லல? குறி கோணிக்கிட்டு இருந்துச்சும்மா, புதுச் சரக்குன்னுதான் பேரு. ராத்திரி நேர் பண்ணி, நாலு சொட்டு எண்ணெயும் விட்டேன். அடி நேராப் போகாம எங்க போகும்?"

"கைராசிக்காரரு" என்றாள் அந்த அம்மா.

சோளக்காரி பெட்டியைக் கீழே வைத்தாள்.

"தெரு முழுக்கச் சொல்லியாச்சா? திடலுக்கு எட்டினா துப்பாக்கியே போயிரும்."

"சொன்னா என்ன? உனக்கு நல்லதுதானே செஞ்சேன்."

"என்ன நல்லது? மொத ரெண்டு தோட்டா ஒரு சாண் தள்ளிப் போச்சு. இன்னொண்ணு தப்பியிருந்தா இந்த வருஷச் சோளமும் பன்னிக்குத்தான். அந்தக் கோணல் நான் வெச்ச கோணல்! வாத்தியார் பக்கத்துல நின்னு, ஒவ்வொரு தட்டா நானே தட்டி வெச்சது!"

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

"கேட்டியா நீ? ஒரு வார்த்தை கேட்டியா?"

"புருஷனைப் போய் 'நீ'ங்கிற?" என்று நாத்தனார் கரண்டியோடு வந்தாள்.

"ஆமா அண்ணி, 'நீ'தான். பூட்டை ஒடைச்சு எடுக்கறவனை வேற என்னன்னு கூப்பிட?"

"ஒடைக்கல, தொறந்தேன்" என்றான் மெக்கானிக்.

"ஓஹோ!" அவள் மேஜையில் பிரித்துக் கிடந்த மெஷினைக் காட்டினாள். அதில் ஒவ்வொரு திருகுக்குப் பக்கத்திலும் சாக்பீஸால் ஒரு வெள்ளைக் கோடு இருந்தது. "இது என்ன?"

"எது?"

"இந்தக் கோடு."

"அடையாளம். திருகு எங்க நின்னுச்சுன்னு போட்டுக்கறது. ஒவ்வொருத்தரும் அவங்க தையலுக்குத் தக்கன வெச்சிருப்பாங்க. மாத்திட்டா அவங்களுக்கு ஓடாது."

"அவங்கவங்க தக்கன வெச்சிருப்பாங்க. ஊர்ல இருக்கிற ஒவ்வொருத்தி மெஷினுக்கும் கோடு போட்டுட்டுத்தான் திருகுல கை வெப்ப. என்னோடதுக்கு ஏன் போடல?"

தையல்கார அம்மா தரையைப் பார்த்தாள். நாத்தனாரின் கரண்டியிலிருந்து குழம்பு சொட்டிக்கொண்டிருந்தது.

"சொல்லு. ஏன் போடல?"

"உன்னோடதுதானே" என்றான் அவன். பிறகு மெதுவாக, பொய்யே இல்லாமல் சொன்னான்: "நீ வெச்சதுன்னு எனக்குத் தோணவே இல்ல. தப்பாத்தான் இருக்கும்னு நெனச்சேன்."

அவள் அடித்திருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். கதவு திறந்தே இருந்தது. வேட்டியை விரித்து, போல்ட்டை உருவி, கம்பியில் துணியைச் சொருகி, பின்பக்கமிருந்து முன்பக்கம். துணி கரி படிந்து வந்தது. இன்னொரு துணி. மெக்கானிக் நிலைப்படியில் போய் நின்றான்.

"பழைய எடத்துக்கே தட்டிக் குடுத்துறட்டா?"

"பழைய எடம் எங்கன்னு தெரியுமா உனக்கு?"

தெரியாது. மயிரிழை சமாச்சாரம் அது. வெடித்து வெடித்துப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க முடியும். அதற்குத் திடலுக்குப் போக வேண்டும், போனால் வாத்தியார் கேட்பார், சொன்னால் துப்பாக்கி போய்விடும். அந்தப் பருவம் முழுக்க அவள் அதைக் கோணலாகவே, அதாவது நேராகவே, வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

சில நாள் கழித்து விடியலில் நான் சாக்கு இறக்க அவள் நிலத்துக்குப் போனேன். சோளக்காரி காவல் பரண்மேல் இருந்தாள். மெக்கானிக்கும் வந்திருந்தான், பரண் பக்கம் வரக்கூடாது என்று சொல்லியிருந்ததால் களத்து ஓரம் குந்தியிருந்தான். அவனிடம் சத்தம் போடாதே என்று சைகை காட்டிவிட்டு நானும் குந்தினேன். பனி இறங்கிச் சோளத் தாளெல்லாம் நனைந்திருந்தது. வெளிச்சம் வந்ததும் கிழக்கு மூலையில் தாள் ஆடியது. மூன்று, நான்கு பன்றிகள், பின்னால் பெரிய ஆண் பன்றி ஒன்று, கிடா. வரப்பில் ஏறி நின்று மூக்கைத் தூக்கியது.

அவள் குழல் திரும்பியது. கிடாவின்மேல் அல்ல. அதற்குக் கொஞ்சம் வலதுபக்கம், ஒன்றுமே இல்லாத வெறும் மண்ணைப் பார்த்து நின்றது. அங்கே காகிதமும் இல்லை, ஓரமும் இல்லை. ஒரு வாரம் பாடுபட்டுக் கற்றதையெல்லாம் மூட்டைகட்டி வைத்துவிட்டு, புருஷன் கெடுத்து வைத்ததை மனத்துக்குள் கூட்டிக் கழித்து, வெறும் மண்ணைக் குறிவைத்தாள்.

வெடித்தது. கிடா அங்கேயே மடிந்தது. மற்றவை சிதறிக் காட்டுக்குள் ஓடின.

சத்தம் கேட்டுப் பக்கத்து நிலத்துக்காரர் ஓடிவந்தார், அவருக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர். பன்றி எல்லார் நிலத்தையும்தான் கிளறிக்கொண்டிருந்தது. சுற்றி நின்று பார்த்தார்கள். தோட்டா தோளுக்குப் பின்னால் சரியாக இறங்கியிருந்தது.

"ஒரே அடி!" என்றார் பக்கத்து நிலத்துக்காரர். சொல்லிவிட்டு மெக்கானிக்கின் முதுகில் தட்டினார். "இருக்காதா பின்ன? நீ நேர் பண்ணிக் குடுத்த துப்பாக்கியாச்சே."

சோளக்காரி அப்போதுதான் பரணிலிருந்து இறங்கி வந்தாள். போல்ட் திறந்திருந்தது. மெக்கானிக்கைப் பார்த்தாள். அவன் கண்ணைத் தாழ்த்தினான். காது சிவந்தது.

"இல்லண்ணே" என்றான் அவன். "நான் நேர் பண்ணல. நல்லா இருந்ததைக் கெடுத்து வெச்சேன். கெட்டுப்போன குறியை வெச்சுக்கிட்டு அவளே கணக்குப் போட்டு அடிச்சா. எனக்கு இதுல ஒண்ணும் இல்ல."

சொல்லிவிட்டான். எனக்கே நம்ப முடியவில்லை.

பக்கத்து நிலத்துக்காரர் அவனை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்து மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா? பொண்டாட்டியை எப்படித் தூக்கிவெச்சுப் பேசறான் பாருங்க. இந்தப் பெருந்தன்மை எவனுக்கு வரும்?"

"மெக்கானிக்னா மெக்கானிக்தான்யா" என்றான் இன்னொருவன். "நீ குடுத்துவெச்சவம்மா" என்று அவளிடமும் சொன்னான்.

"நெசமாத்தான் சொல்றேன்!" என்று மெக்கானிக் கத்தினான். அதற்கு இன்னும் பலமாகச் சிரித்தார்கள்.

சோளக்காரி துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு வரப்பில் நடந்தாள். மெக்கானிக் சேற்றில் வழுக்கி வழுக்கி அவள் பின்னால் ஓடினான்.

"சொல்லிட்டேன்ல? எல்லார் எதிர்லயும் சொல்லிட்டேன்ல? இன்னும் என்ன கோவம்?"

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"சொன்ன" என்றாள். "அதுக்கும் பேரு உனக்குத்தான்."